குடும்ப நலம்: தொப்புள்கொடிக்கு மருந்து எது?

பிள்ளை பெற்று வீடு திரும்பிய இளந்தாய்க்கு முதல் வாரத்தில் அறிவுரைகளுக்குக் குறைவில்லை. கொடியின்மேல் ஒன்றும் இடாதீர்கள் என்று மருத்துவமனைச் செவிலியர் சொல்லி அனுப்புகிறார். பிறந்த வீட்டிலோ பாட்டி விளக்கெண்ணெயும் மஞ்சளுமாகக் காத்திருக்கிறார். அடுத்த வீட்டு அக்காள் தம் பிள்ளைக்கு ஸ்பிரிட் தொட்டு வைத்ததாகக் கூறுகிறார். மருந்துக் கடைக்காரர் ஒரு பவுடரை எடுத்து நீட்டுகிறார். இவற்றுள் எதைக் கேட்பது? பெரியவர்கள் மனமும் நோகக் கூடாது, குழந்தைக்கும் தீங்கு வரக் கூடாது என்று தவிக்கும் தாய்மார் நம் பங்குக் குடும்பங்களில் பலர் உண்டு. ஆதலின் இத்திங்கள் இதனையே ஆராய்வோம்.

முதலில் கொடி என்பது யாது எனக் காண்போம். கருவறையில் குழந்தையைத் தாயோடு இணைத்த அக்கொடியில் இரண்டு தமனிகளும் ஒரு சிரையும் உள்ளன. பிறந்தபின் கட்டி அறுத்ததும், எஞ்சிய துண்டுக்கு இரத்த ஓட்டம் நின்றுவிடுகிறது. அது பின்னர் உயிரற்ற தசைதான். ஈரமாக இருந்தால் கிருமிகள் அதில் செழித்து வளரும். அதன் அடியிலுள்ள இரத்தக் குழாய்களோ சில நாள்வரை முற்றும் அடைபடுவதில்லை. சிரையின் வழி நேரே கல்லீரலை நோக்கிச் செல்கிறது. தொப்புளில் தோன்றும் சீழ் விரைவில் உடலெங்கும் பரவக்கூடும் என மருத்துவர்கள் அஞ்சுவது இதனால்தான்.

இதற்கு மறுபக்கமும் ஒன்று உண்டு. கொடி தானே உதிர்வதற்கு இயற்கை ஓர் ஏற்பாடு செய்திருக்கிறது. குருதியின் வெள்ளணுக்கள் கொடியின் அடியில் திரண்டு, அதனைச் சிறிது சிறிதாகக் கரைத்து விடுவிக்கின்றன. தோலில் இயல்பாக வாழும் சில கிருமிகளும் இவ்வேலைக்குத் துணை நிற்கின்றன. பெரும்பாலான குழந்தைகளுக்கு 5 முதல் 15 நாள்களுக்குள் கொடி விழுந்துவிடும். எல்லாக் கிருமிகளையும் அழிக்கும் மருந்தை இட்டால் கொடி விழுவது தாமதப்படுவதன் காரணம் இப்பொழுது விளங்கும். மருந்துகளை ஒப்பிடும்போது இதனை நினைவில் வைத்திருத்தல் நலம்.

கொடிக்கு ஏதேனும் இடவேண்டும் என்ற எண்ணம் மிகப் பழையது. இறைவாக்கினர் எசேக்கியேல் நூலின் 16ஆம் அதிகாரத்தில், கைவிடப்பட்ட பெண் குழந்தை ஒன்றைப் பற்றிய உவமை வருகிறது. கொடி அறுத்தல், நீரால் கழுவுதல், உப்புத் தேய்த்தல், துணியில் சுற்றுதல் ஆகியவை அக்குழந்தைக்குக் கிடைக்கவில்லை என்று அங்குக் கூறப்படுகிறது. பிள்ளைக்குச் செய்யும் அன்பின் அடையாளங்களாகவே இவை அன்று எண்ணப்பட்டன. நம் ஊர்ப் பாட்டிமாரின் மஞ்சளும், வசம்பு சுட்ட கரியும் அன்பினால் வந்தவையே. அவர்களைக் கடிந்துகொள்வது நம் நோக்கமன்று.

ஆனால் அன்போடு இட்ட பொருளிலும் நஞ்சு ஒளிந்திருக்கலாம். மண்ணிலும் மாட்டுச்சாணத்திலும் இரண ஜன்னியின் விதைகள் உறங்கிக் கிடக்கின்றன. சாணம், சாணச் சாம்பல், அடுப்படிச் சாம்பல் ஆகியவற்றைக் கொடியில் அப்பியதாலும், துருப்பிடித்த கத்தியாலோ அரிவாளாலோ கொடியை அறுத்ததாலும் எத்தனையோ பச்சிளங்குழந்தைகள் பால் குடிக்க வாய் திறவாமல், உடல் வில்லாக வளைந்து மாண்டன. கருவுற்ற தாய்மார்க்குத் தடுப்பூசியும், தூய்மையான பேறுகாலமும் வந்தபின் இந்நிலை மாறியது. பிறந்த குழந்தைகளின் இரண ஜன்னியை ஒழித்த நாடாக இந்தியா 2015ஆம் ஆண்டு அறிவிக்கப்பட்டது. அக்கிருமியோ மண்ணைவிட்டுப் போய்விடவில்லை. அதற்கு நாம் வழி திறவாதிருக்கிறோம், அவ்வளவே.

இனி மருந்துகளுக்கு வருவோம். ஸ்பிரிட்டைப் பற்றி நீண்ட விளக்கம் வேண்டுவதில்லை. நெடுங்காலம் மருத்துவமனைகளே அதனைப் பயன்படுத்தின. கனடா நாட்டில் 1,811 குழந்தைகளைக் கொண்டு நடத்திய ஆய்வின் முடிவு 1998ஆம் ஆண்டு வெளிவந்தது. ஸ்பிரிட் இட்ட குழந்தைகளுக்குக் கொடி விழச் சராசரி 9.8 நாள் ஆயிற்று. ஒன்றும் இடாமல் உலரவிட்டவர்களுக்கு 8.16 நாளே. நோயைத் தடுப்பதில் ஸ்பிரிட் மேம்பட்டதாகத் தெரியவில்லை. எரிச்சலூட்டும் ஒரு நீரை நாள்தோறும் தொட்டுக் கொடியை ஒன்றரை நாள் கூடுதலாகக் காப்பாற்றியதுதான் கண்ட பயன்! கையையும் துணியையும் ஊதாவாக்கும் ஜென்சன் வயலட் போன்ற சாயங்கள் கிருமியைக் குறைக்கும் என்பது மெய். ஆயினும் தொப்புளைச் சுற்றித் தோல் சிவக்கிறதா என்று பார்க்கவிடாமல் அவை மறைத்துவிடுகின்றன. போவிடோன் அயோடின் பெரியவர்களின் புண்ணுக்கு நல்ல மருந்து. பச்சிளங்குழந்தையின் மெல்லிய தோல் அயோடினை உறிஞ்சிக்கொள்வதால், தைராய்டு சுரப்பியின் வேலை தடைபடக்கூடும். டெட்டாலைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். அது இவ்விடத்துக்கு உரியதன்று.

பவுடரைப் பற்றி ஒரு செய்தி. ஹெக்சாகுளோரோபீன் என்னும் கிருமிநாசினி ஒருகாலத்தில் குழந்தைகளைக் குளிப்பாட்டவும் தொப்புளைக் காக்கவும் பெருமளவில் பயன்பட்டது. 1972ஆம் ஆண்டு பிரான்சு நாட்டில், தயாரிப்பில் நேர்ந்த பிழையால் இம்மருந்து ஆறு விழுக்காட்டுக்கும் மேலாகக் கலந்துவிட்ட குழந்தைப் பவுடரால் 36 பேர் உயிரிழந்தனர். நரம்பு மண்டலத்தையே அது தாக்கியது. அதே ஆண்டில் அமெரிக்காவிலும் அம்மருந்துக்குக் கட்டுப்பாடு வந்தது. பிஞ்சுத் தோலின்மேல் இடுவது உள்ளே போகாது என்று எண்ணுவோர் இதனைச் சற்று நினைத்துப் பார்க்கட்டும்.

இத்தனை மருந்துகளுள் உயிர் காத்த பெருமை ஒன்றற்கு உண்டு, அது குளோர்ஹெக்சிடின். நேபாள நாட்டின் தெற்கே, சமவெளியில் உள்ளது சர்லாகி மாவட்டம். அங்குப் பிள்ளைப்பேறு பெரும்பாலும் வீட்டிலேயே நடைபெற்ற காலத்தில், 15,000க்கும் மேற்பட்ட குழந்தைகளை மூன்று பிரிவாக்கி ஆராய்ந்தனர். ஒரு பிரிவினருக்கு நான்கு விழுக்காடு குளோர்ஹெக்சிடினாலும், ஒரு பிரிவினருக்குச் சோப்பு நீராலும் கொடியைத் துடைத்தனர். மூன்றாம் பிரிவினருக்கு உலரவிட்டனர். 2006ஆம் ஆண்டு வெளியான முடிவு மருத்துவ உலகை வியப்பில் ஆழ்த்தியது. மருந்து இட்ட குழந்தைகளுக்குக் கடுமையான தொப்புள் நோய் 75 விழுக்காடு குறைந்தது. இறப்பும் 24 விழுக்காடு குறைவாக இருந்தது. பிறந்த 24 மணி நேரத்துக்குள் மருந்து தொடங்கிய குழந்தைகளிடையே அக்குறைவு 34 விழுக்காடு. சோப்பு நீரோ நோயைக் குறைக்கவே இல்லை! வெறும் கழுவுதல் வேறு, கிருமியை அடக்குதல் வேறு என்பது இங்குப் புலனாயிற்று.

பின்னர் 2012இல் பாகிஸ்தானின் தாது மாவட்டத்திலிருந்தும், வங்காள தேசத்தின் சில்ஹெட்டிலிருந்தும் ஒத்த செய்திகள் வந்தன. தாதுவில் இறப்பு 38 விழுக்காடு குறைந்தது. சில்ஹெட்டில் ஒரே ஒருமுறை மருந்திட்ட குழந்தைகளிடையே 20 விழுக்காடு குறைந்தது. ஏழு நாள் இட்டவர்களிடையே அத்தகைய தெளிவான பயன் காணப்படவில்லை என்பது ஒரு புதிர். நேபாள அரசு இம்மருந்தைக் களிம்பாக்கி ஊர்தோறும் வழங்கியது. அங்கு அதன் பெயர் ‘நாவி மலம்’. தொப்புள் களிம்பு என்பது பொருள். நம் தமிழ்க் காதுக்கு அப்பெயர் வேறுவிதமாகக் கேட்கும். அது நேபாள மொழியின் குற்றமன்று.

இவ்வளவு நல்ல மருந்தாயின், நம் பிள்ளைக்கும் இடலாமே எனத் தோன்றும். இங்குதான் நிதானம் வேண்டும். 2016ஆம் ஆண்டு, ஆப்பிரிக்காவில் சாம்பியா நாட்டிலும், தான்சானியாவைச் சேர்ந்த பெம்பா தீவிலும் நடந்த இரு பேராய்வுகளின் முடிவுகள் வெளிவந்தன. ஒவ்வொன்றிலும் 36,000க்கும் மேற்பட்ட குழந்தைகள் இடம்பெற்றனர். குளோர்ஹெக்சிடின் இட்டவர்களுக்கும் உலரவிட்டவர்களுக்கும் இடையே இறப்பில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. மருந்து அதே மருந்துதான். ஆனால் அவ்விடங்களில் பச்சிளங்குழந்தைகளின் இறப்பு முன்னமே குறைவு. சாம்பியாவில் தாய்மார் பலரும் மருத்துவ நிலையங்களில் பிள்ளை பெற்றவர்கள். தீ எரியும் வீட்டில் நீர் ஊற்றினால் பயன் உண்டு. எரியாத வீட்டில் ஊற்றினால் தரை நனைவதோடு சரி.

எனவேதான் உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரையும் இடத்துக்கேற்ப அமைந்தது. 1998ஆம் ஆண்டு கொடியைத் தூய்மையாக உலரவிடுமாறு அது கூறியது. 2013ஆம் ஆண்டின் பரிந்துரையில், ஆயிரம் குழந்தைகளுக்கு 30 அல்லது அதற்கு மேல் முதல் மாதத்தில் இறக்கும் பகுதிகளில், வீட்டில் பிறப்போருக்கு மட்டும் முதல் வாரம் குளோர்ஹெக்சிடின் நாள்தோறும் இடலாம் என்றது. 2022ஆம் ஆண்டின் பரிந்துரை இன்னும் சுருங்கியது: சாணம் போன்ற தீய பொருள்களைக் கொடியில் இடும் வழக்கம் பரவியுள்ள இடங்களில் மட்டுமே இம்மருந்து, மற்ற இடங்களில் உலரவிடுதலே போதும்.

தமிழகத்தின் நிலை யாது? 2019–21ஆம் ஆண்டுகளின் தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி இங்கு 99.6 விழுக்காடு பேறுகள் மருத்துவ நிலையங்களிலேயே நடைபெற்றன. முதல் மாத இறப்பு ஆயிரத்துக்கு 30 என்னும் அளவில் பாதியைக்கூட எட்டவில்லை. ஆகவே, மருத்துவமனையில் நிறைமாதத்தில் நலமாகப் பிறந்த குழந்தையின் கொடிக்கு ஒன்றும் இடாதீர்கள் என்று செவிலியர் கூறுவது அலட்சியத்தால் அன்று. ஆராய்ந்து கண்ட முடிவினால்தான். குறைமாதக் குழந்தைக்கோ சிறப்புக் கவனிப்பில் உள்ள குழந்தைக்கோ மருத்துவர் ஏதேனும் எழுதிக் கொடுத்தால் அதனைத் தவறாது பின்பற்ற வேண்டும்.

குளோர்ஹெக்சிடின் எழுதப்பட்டிருந்தால் இரண்டு எச்சரிக்கைகள். கொடிக்கு உரியது 7.1 விழுக்காடு டைகுளுக்கோனேட் எனக் குறிக்கப்பட்டிருக்கும். அது நான்கு விழுக்காடு குளோர்ஹெக்சிடினுக்குச் சமம். வாய் கொப்பளிக்கும் 0.2 விழுக்காட்டு நீரும், ஸ்பிரிட் கலந்த கைமருந்தும் பெயரில் ஒன்றாக இருப்பினும் பயனில் ஒன்றல்ல. இரண்டாவது மிகக் கொடியது. இம்மருந்தைக் கண் சொட்டு மருந்து என்று எண்ணிக் குழந்தையின் கண்ணில் விட்டதால், ஆப்பிரிக்க நாடுகள் பலவற்றில் கண்கள் புண்ணாகிப் பார்வைக்கே கேடு நேர்ந்ததை உலக சுகாதார நிறுவனம் 2018ஆம் ஆண்டு எச்சரித்தது. கண் மருந்தோடு இதனை ஒரே தட்டில் வைக்காதீர்கள். தவறிக் கண்ணில் பட்டால் உடனே தூய நீரால் நன்கு கழுவி, மருத்துவரிடம் விரையுங்கள்.

ஒன்றும் இடாதிருத்தல் என்றால் ஒன்றும் செய்யாதிருத்தல் அன்று. குழந்தையைத் தொடுமுன் சோப்பிட்டுக் கை கழுவுதல் யாவர்க்கும் உரியது. பார்க்க வரும் உறவினர்க்கும் தான். அணையாடையைக் கொடிக்குக் கீழே மடித்துக் கட்டினால் காற்றுப் படும், சிறுநீர் படாது. மலமோ சிறுநீரோ பட்டுவிட்டால் தூய நீரால் துடைத்து, மெல்லிய துணியால் ஈரத்தை ஒற்றி எடுங்கள். பிறந்த முதல் நாள் குளிப்பாட்டுவதைத் தவிர்த்து, கொடி விழும்வரை உடலைத் துடைத்து விடுவது எளிது. காலில் கிடத்திக் குளிப்பாட்டும் பாட்டியின் கைத்திறனுக்கு அதன்பின் வேண்டிய மட்டும் காலம் உண்டு. விளக்கெண்ணெயை அதுவரை குழந்தையின் கைகால்களுக்கு வைத்துக்கொள்ளச் சொன்னால் அவர் மனமும் நோகாது. நூலளவில் தொங்கினாலும் கொடியைப் பிடித்து இழுக்காதீர்கள். தொப்புள் புடைத்திருக்கிறது என்று காசு வைத்துக் கட்டவும் வேண்டாம்.

உலரும் கொடி கருத்துச் சுருங்குவதும், அடியில் சிறிது பசைபோல் ஈரம் தெரிவதும், விழும்போது ஓரிரு துளி இரத்தம் கசிவதும் இயல்பே. ஆனால் தொப்புளைச் சுற்றிய தோல் சிவந்து பரவினாலோ, வீங்கினாலோ, சீழும் துர்நாற்றமும் கண்டாலோ, இரத்தம் நில்லாது வந்தாலோ காத்திருக்கலாகாது. குழந்தை பால் குடிக்க மறுத்தாலும், சோர்ந்து கிடந்தாலும், உடல் கொதித்தாலும், மாறாகச் சில்லிட்டாலும் நள்ளிரவேயாயினும் மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள். மூன்று வாரம் கடந்தும் கொடி விழாவிடில் மருத்துவரிடம் காட்டுங்கள். அரிதாக, வெள்ளணுக்களின் குறைபாடு அதன்பின் இருக்கக்கூடும். கொடி விழுந்தபின் தொப்புள் குழியில் செந்நிறமாகச் சிறு தசை முளைத்து நீர் கசிந்தால் அஞ்ச வேண்டுவதில்லை. எளிய சிகிச்சையில் ஆறிவிடும். அதனை வீட்டில் சுடவோ கிள்ளவோ முயலாமல் மருத்துவரிடமே விட்டுவிடுங்கள்.