வெயிலா, மாத்திரையா?

வைட்டமின் 'டி' என்னும் சத்துக்கு வெயிலில் நிற்பதா அல்லது மாத்திரை விழுங்குவதா என்று வெள்ளைக்காரர் நாடுகளில் வெகுகாலமாக ஒரு வாதம் நடந்து வருகிறது. அவர்களுக்கு அது நியாயமான வாதமேயாகும். வெள்ளைத் தோல் வெயிலில் சீக்கிரம் வெந்துபோகும். தோலில் புற்றுநோயும் காணும். ஆஸ்திரேலியாவில் இதற்காகவே 1981 முதல் சட்டை போடு, களிம்பு பூசு, தொப்பி வை என்று பிரசாரம் செய்கிறார்கள். இங்கிலாந்திலோ குளிர்கால வெயிலில் போதிய சக்தியில்லாததால், அந்த மாதங்களில் தினம் 10 மைக்ரோகிராம் மாத்திரையாகச் சாப்பிடும்படி அரசாங்கமே யோசனை சொல்லுகிறது.

ஆனால், வெள்ளைத் தோலுக்கு எழுதிய கணக்கை நாம் அப்படியே ஒப்புக்கொள்ளலாமா என்று கேட்கின்றோம். நம் தோலின் கருமை வெயிலின் கொடுமையைத் தடுக்கிறது. அதே கருமை இந்தச் சத்து உண்டாவதையும் தாமதப்படுத்துகிறது. ஆகவே வெள்ளையருக்குப் போதுமான நேரம் நமக்குப் போதாது.

"வெயிலுக்குப் பஞ்சமில்லாத சென்னையில் இந்தக் குறை ஏது?" என்று சிலர் கேட்கலாம். ஊரில் வெயில் அடிப்பது வேறு. அது ஜனங்களின் தோலில் படுவது வேறு. வியாசர்பாடியில் இரவீஸ்வரர் கோயில் என்று ஒன்று இருக்கிறது. 'ரவி' என்றால் சூரியன். சூரியனே இங்கு வந்து சிவனை வணங்கினான் என்பது புராணக்காரர் கதை. கோயிலுக்கு நடந்து வந்ததாகச் சொல்லப்படும் அந்தச் சூரியன், பக்கத்துச் சந்து வீட்டு அடுப்படிக்குள் ஏன் எட்டிப் பார்ப்பதில்லை? பகலெல்லாம் அங்கேயே வேகும் பெண்களுக்கும், ஆலைக் கூரையின்கீழ் பொழுதைப் போக்கும் தொழிலாளருக்கும் ஊர் வெயிலால் என்ன பயன்?

விடியற்காலையில் சூரிய நமஸ்காரம் செய்தால் இந்தச் சத்து கிடைக்குமென்று ஒரு கூட்டத்தார் சொல்லுகிறார்கள். உதயகாலத்தில் சாய்ந்து வரும் ஒளியில் இதற்கு வேண்டிய கதிர் அநேகமாக இல்லை. ஆகாயமே அதை விழுங்கிவிடுகிறது. சூரியன் உயர்ந்த பின்பே அது கிடைக்கும். திருப்பதியில் நடத்தி 2013-ல் வெளியிட்ட ஆராய்ச்சியில், பகல் 11 மணி முதல் 2 மணி வரையே மிகவும் ஏற்ற நேரம் என்று கண்டிருக்கிறார்கள். கண்ணாடி ஜன்னலுக்குள் இருந்து காய்ந்தாலும் பயனில்லை. 1919-ல் பெர்லின் வைத்தியர் ஹுல்ட்ஷின்ஸ்கி எலும்பு வளைந்த குழந்தைகளை விளக்கொளியைக் கொண்டே குணப்படுத்தினார். அந்த விளக்குக்கு எந்த மந்திரம் சொன்னார்கள்?

நிற்க, மற்றொரு மூடத்தனமும் நம்மிடமிருக்கிறது. வெயிலில் போனால் பெண் கறுத்துவிடுவாள், கறுத்தால் கல்யாணச் சந்தையில் விலை போகாள் என்று வீட்டில் அடைத்து வைக்கிறார்கள். 1975-ல் வந்த சிவப்பழகுக் களிம்பு ஒன்றுக்கு 2020-ல் பெயரை மாற்றினார்கள். ஜனங்களின் புத்தி மாறிற்றா?

மாத்திரையை நாம் வேண்டாமென்று சொல்லவில்லை. கைக்குழந்தைகளுக்கும், நடமாட முடியாத முதியோருக்கும், இரத்தப் பரிசோதனையில் குறை கண்டவர்களுக்கும் வைத்தியர் சொல்லும்படி அது அவசியமேயாகும். ஆனால் வளர்ந்தவர்களுக்குத் தினம் 600 யூனிட் என்பதே நம் நாட்டு ஆராய்ச்சிக் கழகத்தின் கணக்கு. கடையில் விற்கும் பொட்டலமோ 60,000 யூனிட். அதைக் கேட்பாரின்றி விழுங்கினால் இரத்தத்தில் சுண்ணாம்புச் சத்து மிகுந்து சிறுநீரகம் கெடும். வெயிலால் இந்தச் சத்து அப்படி அளவு மீறுவதில்லை. மிஞ்சியதைத் தோலே வேறு பொருளாக மாற்றிவிடுகிறது.

சித்திரை வெயிலில் மண்டை காய நிற்கும்படி நாம் சொல்லவில்லை. கைகால்களில் சிறிது நேரம் வெயில் பட்டு, மயக்கம் வருமுன் நிழலுக்கு வந்தால் போதும். வெயிலிலேயே மூட்டை தூக்கும் தோழனுக்கு வேண்டியது நிழலும் தண்ணீருமே.

ஆகவே வடசென்னைத் தோழர்களே! குடியிருப்புகளின் மொட்டை மாடிகளைப் பெண்களுக்குத் திறந்து விடுங்கள். பெண் குழந்தைகளையும் பகலில் விளையாட அனுப்புங்கள். காற்றும் வெளிச்சமும் வரும் வீடுகளைக் கேட்டு வாங்குங்கள். சூரியனைக் கும்பிட்டது போதும். இனியாவது அதை உபயோகப்படுத்திக் கொள்ளுங்கள்.