மவுத் ஓகனைக் கெடுப்பது வெயில் இல்லை

"கொழும்பு வெக்கைக்கு மவுத் ஓகன் தாங்காது." பொரளையில் ஒரு போர்டிங் அறையில் மூன்று பேர் வாசித்துப் பழகினால், இரண்டு பேராவது இதைச் சொல்வார்கள். வாங்கி நாலைந்து மாதத்தில் நாலாம் துளையில் சத்தம் வராது, ஏழாம் துளை கீச்சிடும். வெயிலில சுருதி இறங்கிட்டுது எண்டு சொல்லி லாச்சிக்குள்ள போட்டுவிடுவார்கள். பிறகு அது லாச்சியை விட்டு வெளியே வாறதே இல்லை.

இந்தக் கதையோட எனக்கு உடன்பாடு இல்லை. வெயில் இங்கே பெரிய குற்றவாளி கிடையாது. சொல்லப்போனால், பொரளை வெக்கை மவுத் ஓகனுக்குக் கொஞ்சம் உதவிதான் செய்யுது. கெடுப்பது ஈரம். அதிலும், நாங்கள் காசு குடுத்து வாங்கிப் பூட்டுகிற ஏசிக் குளிருக்கும் வெளி வெக்கைக்கும் இடையில் அதைக் கொண்டு திரிவது.

இதுக்கு ஏன் ஒரு கட்டுரை எண்டு கேட்பீர்கள். கிற்றாருக்கும் கீபோர்டுக்கும் வழியில்லாதவனுக்கு எஞ்சியிருக்கிற வாத்தியம் இது. சேட் பொக்கெற்றுக்குள் அடங்கும், பக்கத்து அறைக்காரன் கதவைத் தட்டாத அளவுக்கு மெதுவாகவும் வாசிக்கலாம். 1965 டிசம்பரில் ஜெமினி 6 விண்கலத்தில் வொல்லி ஷிரா ஒளித்துக் கொண்டுபோய் வாசித்ததும் ஒரு குட்டி மவுத் ஓகன்தான். வேற எந்த வாத்தியத்தை அப்பிடிக் கொண்டுபோகலாம்? ஆனால் எல்லாம் இறக்குமதிச் சாமான். 2022 மார்ச்சில் 200 ரூபாய் அளவில் இருந்த டொலர் மே மாதத்துக்குள் 360ஐத் தொட்ட பிறகு, "கெட்டால் இன்னொண்டு வாங்கலாம்" எண்ட பேச்சுக்கு இடமில்லை. கெடாத ஒன்றைக் கெட்டது எண்டு லாச்சிக்குள் போடுவது அதனால்தான் எனக்கு எரிச்சலாக இருக்கிறது.

முதலில் சுருதி விஷயத்தைப் பார்ப்போம். சாதாரண பத்துத் துளை மவுத் ஓகனுக்குள் இருபது ரீட் இருக்கும், பெரும்பாலும் பித்தளை. ஒரு பக்கம் தகட்டில் பொருத்தி, மறு பக்கம் ஆடுகிற மாதிரி விட்ட நாக்குகள். பித்தளை சூடேறினால் அதன் விறைப்பு ஒரு துளி குறையும், நாக்கு கொஞ்சம் மெதுவாக ஆடும், சுருதி இறங்கும். அந்தளவுக்கு நண்பர்கள் சொல்வது உண்மை. எவ்வளவு இறங்கும் எண்டதுதான் கேள்வி. ஒரு அரைச்சுரத்தை நூறு பங்காக்கினால் ஒரு பங்குக்குப் பெயர் சென்ட். ஒரு பாகை செல்சியஸ் கூடினால் ரீட் இறங்குவது ஏறத்தாழ மூன்றில் ஒரு சென்ட். பத்துப் பாகை கூடினாலும் மூன்று சென்ட்தான். தனியாகக் கேட்டால் பழகின காதுக்கே அது பிடிபடாது. நீங்கள் கொஞ்சம் முரட்டுத்தனமாக ஊதினாலே அதைவிடக் கூட இறங்கும். கொழும்பில் பகல் 30, 32 பாகை, இரவு 23 தொடக்கம் 26. வருஷம் முழுக்கச் சேர்த்துப் பார்த்தாலும் ஏற்ற இறக்கம் பத்துப் பாகை அளவுதான்.

வெப்பம் உண்மையில் எதை ஆட்டும் எண்டு தெரியவேணும் எண்டால், ஆடிவேல் விழாவில் நாதஸ்வரத்துக்குப் பக்கத்தில் நின்று பாருங்கோ. நாதஸ்வரத்தில் ஒலிப்பது குழலுக்குள் இருக்கிற காற்று. காற்று சூடானால் ஒலியின் வேகம் கூடும், சுருதி ஏறும். ஒரு பாகைக்குக் கிட்டத்தட்ட மூன்று சென்ட். மூச்சுச் சூடு குழலுக்குள் எப்பவும் இருப்பதால் நடைமுறையில் அவ்வளவு ஏறாது, எண்டாலும் ஏறும். பழைய ஒத்து நாயனமும் ஒரு குழல்தான், அதுவும் கூடவே ஏறிவிடும். அதற்குப் பதிலாக வந்த சுருதிப் பெட்டிக்குள் இருப்பதோ மவுத் ஓகனில் இருக்கிற அதே வகைப் பித்தளை நாக்கு. அது ஏறாது, இருந்த இடத்திலிருந்து ஒரு மயிரிழை இறங்கும். இரண்டுக்கும் நடுவில் வருகிற வித்தியாசத்தை வித்துவான் தன் உதட்டாலேயும் மூச்சாலேயும் சரிக்கட்டிக்கொண்டு போவார். வெயிலில் சுருதி போகுது எண்டு முறையிட உரிமை இருக்கிறவர் அவர். நாங்கள் இல்லை.

அப்ப நாலாம் துளை ஏன் அடைக்குது? தண்ணி. வாயிலிருந்து வருகிற காற்று ஏறத்தாழ 34 பாகை, ஈரம் நிறைந்தது. அதைவிடக் குளிர்ந்த எந்த உலோகத்தில் பட்டாலும் பனித்துளி மாதிரிப் படியும். கண்ணாடியில் ஊதிப் பார்த்தால் விளங்கும். ரீட்டுக்கும் அது ஆடுகிற துவாரத்துக்கும் இடையில் உள்ள இடைவெளி ஒரு மில்லிமீற்றரில் நூறில் சில பங்குதான். அதற்குள் ஒரு துளி போய் உட்கார்ந்தால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். பொத்தான் வைத்த க்ரொமெற்றிக் வகை என்றால் பாடு இன்னும் மோசம். அதில் ஒட்டியிருக்கிற மெல்லிய பிளாஸ்ரிக் வால்வுகள் ஈரத்தில் ஒட்டி, திறக்கும்போது "டிக் டிக்" எண்டு சத்தம் போடும்.

வாசிக்க முன்னம் கைக்குள் பொத்திச் சூடாக்கு எண்ட புத்திமதி குளிர் நாடுகளில் இருந்து வந்தது இதனால்தான். ஹோனர் கம்பனி 1857இல் தொடங்கின ட்ரொஸிங்கன் ஊரில் பனிகாலத்தில் ஒரு மவுத் ஓகனை வெளியே எடுத்து ஊதினால் இரண்டு நிமிஷத்தில் தண்ணி கட்டிவிடும். எங்கட நாட்டில் அந்தப் புத்திமதி அப்பிடியே பொருந்துகிற இடம் நுவரெலியா. ஆண்டுச் சராசரியே 16 பாகை அளவுதான், ஜனவரி பெப்ரவரி விடியலில் சில நாள் புல்லில் உறைபனியும் விழும். பொரளையில் 31 பாகையில் பொக்கெற்றிலிருந்து எடுக்கிற ரீட் ஏற்கனவே மூச்சுச் சூட்டுக்குக் கிட்ட நிற்கிறது. வெக்கை உதவி செய்யுது எண்டு மேலே சொன்னது இதைத்தான்.

ஆனால் நாங்கள் பொரளைக்குள்ளேயே ஒரு நுவரெலியாவைக் கட்டி வைத்திருக்கிறோம். ரியூசன் மண்டபம், ரெக்கோர்டிங் அறை, கலைவிழா நடக்கிற ஹோல், எல்லாத்திலேயும் ஏசி 18, 19. வெள்ளவத்தையிலிருந்து 154 பஸ்ஸில் வேர்த்து ஒழுகி வந்து இறங்கி, அந்தக் குளிருக்குள் பெட்டியைத் திறந்து வைத்துவிட்டு முறை வரும்வரை அரை மணித்தியாலம் இருப்பார்கள். உலோகம் ஆறிக் குளிர்ந்துவிடும். பிறகு மேடையேறி ஊதினால் மூச்சு முழுக்க ரீட்டில் தண்ணியாகும். முடிந்து வெளியே வரும்போது இரண்டாம் முறை: கொழும்புக் காற்றில் ஈரப்பதன் பெரும்பாலும் 75 வீதத்துக்கு மேல, அதனால் குளிர்ந்து கிடக்கிற தகட்டில் யாரும் ஊதாமலே வெளிக்காற்று தானாகத் தண்ணியை விடும். அந்த ஈரத்தோடேயே பெட்டியை "டப்" எண்டு மூடி பையின் அடியில் போடுகிறோம். மாசக்கணக்காக இப்படிச் செய்துவிட்டு வெயிலைத் திட்டுவது என்ன நியாயம்?

மூடின பெட்டிக்குள் நடப்பதுதான் நிரந்தரச் சேதம். பித்தளையில் பச்சைக் களிம்பு பிடிக்கும். எச்சிலோடு போன சீனி, மாலுபாண் துணுக்கு எல்லாம் காய்ந்து நாக்கில் ஒட்டும். வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கம் வீடு என்றால் உப்புக்காற்றும் சேரும். நடுக்கட்டை மரமாக இருந்தால் அது ஊதிப் பெருத்து, பற்கள் வெளியே தள்ளி உதட்டை வெட்டும். 1896இல் வந்த ஹோனர் மரீன் பாண்டின் மூல வடிவம் அப்படித்தான்: பெயார் மரம், ஆணியால் அறைந்தது, பிரித்துத் துடைப்பதும் லேசில்லை. நல்ல சத்தம், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கொழும்பில் முதல் மவுத் ஓகன் வாங்குகிறவருக்கு பிளாஸ்ரிக் கட்டையும் திருகாணியும் உள்ளதைத்தான் நான் சொல்வேன். மரம்தான் "ஒரிஜினல்" எண்டு விற்கிறவர் உங்கட உதட்டைப் பற்றி யோசிக்கிறதில்லை.

வெயிலுக்கும் ஒரு பங்கு இருக்குது, மறைக்கவில்லை. வெயிலில் நிறுத்தி மூடிவைத்த கார் உள்ளே 50 பாகையைத் தாண்டும். ரீட்டுக்கு அதனால் ஒன்றும் ஆகாது. க்ரொமெற்றிக் வால்வின் பசை விட்டுப்போகலாம். அக்கோர்டியன் வைத்திருக்கிறவர்கள்தான் பயப்படவேண்டும், அதன் ரீட்டுகளை ஒட்டியிருப்பது பெரும்பாலும் தேன்மெழுகு. அது உருகுவது 60 பாகைக்குக் கொஞ்சம் மேலே, அதற்கு முன்னமே இளகத் தொடங்கிவிடும்.

சத்தம் வராத துளைக்கு நான் செய்வது: துளைகள் கீழே பார்க்கப் பிடித்து உள்ளங்கையில் நாலு தட்டு. பிறகு பெட்டியை மூடாமல் ஃபானுக்குக் கீழே இரவு விடுவது. ஊதும் ரீட்டுகள் அறைக்குள்ளேயும் இழுக்கும் ரீட்டுகள் வெளிப்புறமும் இருப்பதால், அறைக்குள் தேங்கின ஈரம் காய நேரம் எடுக்கும். பத்து நிமிஷத்தில் முடிவெடுக்கக் கூடாது. லாச்சிக்குள் கிடப்பதையும் எடுத்து இப்படி ஒருக்கால் வைத்துப் பாருங்கோ.

இன்னொரு கோரிக்கை கலைவிழா நடத்துகிற நண்பர்களுக்கு. ஏசியை 26இல் வையுங்கோ. முடியாது எண்டால் வாசிக்கிறவர்களை மேடைக்குக் கூப்பிடும்வரை வெளி விறாந்தையில் நிற்க விடுங்கோ, உள்ளே வந்து வரிசையில் உட்காரச் சொல்லி அதட்டாதீர்கள்.