முட்டி வலிக்கு மருந்து புட்டியில் இல்லை

காலையில் பெரட்டுக் களத்தில் நின்று பாருங்கள். பத்துப் பேரில் இரண்டு மூன்று பேராவது முழங்காலைப் பிடித்துவிட்டுக் கொண்டிருப்பார்கள். "என்னம்மா, கால் எப்படி?" என்று கேட்டால், "காட்டு வேலைன்னா அப்படித்தாண்ணே, தைலம் தேய்ச்சா சரியாயிடும்" என்கிறார்கள். இப்படிச் சொல்கிறவருக்கு முப்பத்தைந்து வயதுகூட இருக்காது!

வலியை விதி என்று விட்டுவிடும் இந்தப் பழக்கத்தைத்தான் நாம் முதலில் ஒழிக்க வேண்டும்.

சில்லுக்குப் பின்னால் என்ன நடக்கிறது?

முட்டிச் சில்லின் பின்பக்கத்தில் ரப்பர் தகடுபோல் வழவழப்பான குருத்தெலும்பு இருக்கிறது. காலை மடக்கும்போது சில்லு, தொடை எலும்பின் பள்ளத்தில் வழுக்கிக்கொண்டு ஓடுகிறது. மடக்க மடக்க அழுத்தம் கூடுகிறது. குந்தி உட்காரும்போது அது உடல் எடையைப் போலப் பல மடங்காகிறது. தொடைத் தசை பலவீனமாக இருந்தால் சில்லு நேராக ஓடாமல் ஒரு பக்கமாக இழுபடும். நாளடைவில் அந்தக் குருத்தெலும்பு மெதுவாகிப் பிசிறு தட்டிவிடுகிறது. குருத்தெலும்புக்கு இரத்த ஓட்டம் இல்லாததால் அது எளிதில் ஆறுவதுமில்லை.

இப்போது நம் வேலையை நினைத்துப் பாருங்கள். செம்பனை உதிரி பொறுக்கும் தாய்மார்கள் மரத்துக்கு மரம் குந்துகிறார்கள், எழுகிறார்கள். குலை அறுப்பவர் பாரம் ஏற்றிய தள்ளுவண்டியோடு மேட்டிலிருந்து இறங்குகிறார். பால் வெட்டுகிறவருக்கோ பட்டை கீழே இறங்க இறங்க முட்டியும் மடங்குகிறது. வீட்டுக்கு வந்தால் அரிவாள்மணை, துணி துவைப்பு. முட்டி தாங்குமா?

முட்டியின் முன்பக்கத்தில் வலி, படியிலோ சரிவிலோ இறங்கும்போது அதிகமாவது, பஸ்ஸில் நெடுநேரம் உட்கார்ந்து எழுந்தால் பிடித்துக்கொள்வது, இவை இந்நோயின் குறிகள். முட்டி 'நறநற' என்பதை மட்டும் கேட்டு யாரும் பயப்பட வேண்டாம். ஆனால் முட்டி வீங்கிச் சூடாக இருந்தாலும், காய்ச்சல் கண்டாலும், நீட்ட முடியாமல் பூட்டிக்கொண்டாலும், நிற்கும்போது கால் மடங்கி விழுந்தாலும் உடனே மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

ஏமாற வேண்டாம்

தைலம் தேய்த்தால் கொஞ்ச நேரம் இதமாக இருக்கும், அவ்வளவுதான். வலி மாத்திரையை மருத்துவர் சொன்ன சில நாளைக்குச் சாப்பிடலாம். மாதக்கணக்கில் விழுங்கினால் வயிறு புண்ணாகும், சிறுநீரகம் கெடும். இனிப்பு நீர், இரத்தக் கொதிப்பு உள்ளவர்கள் இன்னும் எச்சரிக்கையாக இருக்க வேண்டும்.

'ஒரே வாரத்தில் வலி பறக்கும்' என்று லயத்துக்கே கொண்டுவந்து விற்கும் ஜாமு, மாஜுன் வகைகளை நம்பாதீர்கள். இப்படிப்பட்ட சிலவற்றில் டெக்சாமெத்தாசோன் என்ற ஸ்டீராய்டு மருந்து திருட்டுத்தனமாகக் கலந்திருப்பதைச் சுகாதார அமைச்சு பலமுறை எச்சரித்துள்ளது. ஏற்கெனவே நெடுநாள் சாப்பிட்டவர்கள் திடீரென நிறுத்தாமல் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

தொடைதான் மருந்து

இந்த வலிக்கு முதல் மருந்து தொடைத் தசையைப் பலப்படுத்துவதே. அறுவை சிகிச்சை தேவைப்படுகிறவர்கள் மிகச் சிலரே. அரசாங்க மருத்துவமனைகளில் பிசியோதெரபி பிரிவு இருக்கிறது. கிளினிக்கில் கேட்டுக் கடிதம் வாங்கிப் போங்கள். வீட்டிலும் செய்யலாம்:

காலை நீட்டி உட்கார்ந்து, முட்டிக்கு அடியில் துண்டைச் சுருட்டி வைத்து, ஐந்து எண்ணும்வரை அழுத்துங்கள். பிறகு மல்லாந்து படுத்து, ஒரு காலை மடக்கி, மறு காலை நேராக ஒரு முழம் உயர்த்தி ஐந்து எண்ணி இறக்குங்கள். ஒவ்வொன்றும் காலுக்குப் பத்துத் தடவை, தினமும் இருவேளை. வலி கூடினால் குறைத்துச் செய்யுங்கள். பலன் தெரிய ஆறு முதல் பன்னிரண்டு வாரம் ஆகும். மூன்றாம் நாளே கைவிடுகிறவருக்குப் பலன் எங்கே வரும்?

நிர்வாகத்தின் பங்கு

ஆனால் பகலெல்லாம் குந்தி எழுந்துவிட்டு, இரவில் பத்துத் தடவை காலைத் தூக்கினால் போதுமா? வேலையும் மாற வேண்டும். உதிரி பொறுக்க நீண்ட கைப்பிடிக் கருவி கொடுக்க வேண்டும். ஒரே ஆளை நாள் முழுதும் குந்த வைக்காமல் வேலையை மாற்றி மாற்றித் தர வேண்டும். மருத்துவர் இலகு வேலை எழுதிக் கொடுத்தால், அதற்காகக் கூலியில் கை வைக்கக் கூடாது. சம்பளம் குறையும் என்று பயந்துதானே நம் ஆட்கள் வலியை மறைக்கிறார்கள்?

மருத்துவரிடம் "முட்டி வலி" என்று மட்டும் சொல்லாதீர்கள். என்ன வேலை, எத்தனை வருடம், எத்தனை மணி நேரம் குந்துகிறீர்கள் என்பதையும் சொல்லி எழுதச் செய்யுங்கள். சொக்சோவின் வேலை விபத்துத் திட்டத்தில் தொழிலால் வரும் நோய்களுக்கும் இடமுண்டு. அங்கே வாய்ப்பேச்சு செல்லாது, ஏடுதான் பேசும். தீபகற்ப மலேசியாவில் 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி, மருத்துவச் சான்றோடு எடுக்கும் சம்பளத்துடன் கூடிய நோய் விடுப்பு, வேலைக் காலத்தைப் பொறுத்து ஆண்டுக்கு 14, 18, 22 நாள். இது எவர் போட்ட பிச்சையும் அல்ல, சட்டம் தந்த உரிமை.

வலி உள்ளவர்கள் கிளையில் பெயர் கொடுங்கள். தனியாகச் சென்று ஒருவர் கேட்டால் கிராணி "நாளைக்குப் பார்ப்போம்" என்பார். முப்பது பேர் மருத்துவச் சீட்டோடு நின்றால், நிர்வாகம் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும்.