ஏஐ-ன்னு சொன்னாலே கைதட்டணுமா?

தோழர்களே, பாதுகாப்புச் சோதனைக்கு மெஷின் லேர்னிங் ஸ்டார்ட்அப் தொடங்குற கனவு இருக்கா? முதல்ல நியூயார்க் கணக்கைப் பாருங்க.

2024-ல் அங்கே சுரங்க ரயில் நிலையங்களில் எவால்வ் நிறுவனத்தின் ஏஐ ஸ்கேனரைச் சோதித்தார்கள்.

ஸ்கேன்: 2,749
துப்பாக்கி: 0
கத்தி: 12
தவறான எச்சரிக்கை: 118!

நூற்றுக்கு நாலு பிழைதானேன்னு நினைக்காதீங்க. ஆயுதம் வெச்சிருக்கிறவங்க அதைவிடக் குறைவு. அதனாலதான் ஒரு கத்திக்குக் கிட்டத்தட்ட பத்து தவறான எச்சரிக்கை!

அதே நவம்பரில், திறனை மிகைப்படுத்தி விளம்பரம் செய்ததாக அந்த நிறுவனம் மீது அமெரிக்க ஃபெடரல் டிரேட் கமிஷன் குற்றம்சாட்டியது.

ஸ்டார்ட்அப் வேணாம்னு சொல்லல. தைரியமா தொடங்குங்க. ஆனா பிழைக் கணக்கை நீங்களே வெளியிடுங்க. வாங்குற அரசும் அதைக் கேட்டு வாங்கணும். போறது மக்கள் வரிப்பணம். வரிசையில நிக்கிறது மக்கள் உயிர்.

பகிருங்கள்!