பறக்கும் பறவையும் ஒளியளவும்

விலையுயர்ந்த காமிரா கையிலுள்ளோர் யாவரும் பறக்கும் பறவையைப் படம்பிடிக்க வல்லரோ எனின், அல்லர் என்பதே நம் துணிபு. இக்காலக் காமிரா பறவையின் கண்ணைத் தானே தேடிக் கண்டு தொடரும் திறமுடையது, வியக்கத்தக்கதே. ஆயினும், எவ்வளவு ஒளியை உள்ளே விடுவது என்னும் வினாவில் அது இன்றும் எளிதில் ஏமாறுகின்றது. அவ்வளவைக் கையால் அமைக்கும் 'மானுவல்' முறையை நம் மாணவர் பயிலுதல் வேண்டும்.

காமிராவின் ஒளிமானி, தன்முன் உள்ள காட்சியை நடுத்தரச் சாம்பல் நிறமாகக் கொண்டே கணக்கிடும் இயல்பினது. வெள்ளைக் கொக்கொன்று இருண்ட பனந்தோப்பின்முன் பறக்குங்கால், காட்சி இருண்டுளதென்றெண்ணி ஒளியை மிகுதியாக விடும். கொக்கு சுண்ணாம்பு பூசினாற்போல் வெளுத்து, ஓர் இறகும் தெரியாதொழியும். அதே கொக்கு மேலெழுந்து வெண்முகிலின்முன் வருமாயின், ஒளியைக் குறைத்து அதனைக் கருநிழலாக்கிவிடும். கொக்கு மாறிற்றா? இல்லை. அதன்மேல் வீழும் வெயில் மாறிற்றா? அதுவுமில்லை. மாறியது பின்புலம் ஒன்றே. வெயில் மாறாதவரை ஒளியளவும் மாறவேண்டுவதில்லை என்பதே மானுவல் முறையின் உயிர்நாடி.

கணக்கும் கடினமன்று. தெளிந்த வெயிலில், துவார எண் 16 எனின், ஐ.எஸ்.ஓ. 400-க்கு ஷட்டர் வேகம் 1/400 நொடி என்பது பிலிம் காலத்து விதி. சிறகடிப்பை உறையச்செய்ய அவ்வேகம் போதாது. துவாரத்தை 8-க்கு அகற்றின் ஒளி நான்கு மடங்காகும். வேகத்தை 1/1600 ஆக்கலாம். கொக்கு, நாரை முதலிய வெண்பறவைகட்கு 1/2000 நன்று. நீர்க்காகத்திற்குச் சற்று மிகுதியான ஒளி வேண்டும். கதிரவன் நம் முதுகுப்புறம் நிற்றல் வேண்டும் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

தானியங்கி முறையிலேயே திருத்தம் செய்துகொள்ளலாமே என்பாருமுளர். தோப்பிற்குச் செய்த திருத்தம் வானத்திற்குப் பிழையாகும். இடையில் மாற்றுமளவும் பறவை காத்திராது. ஐப்பசி, கார்த்திகையில் முகில் கணந்தோறும் கதிரவனை மறைத்து விடுங்கால் தானியங்கியே மேல் என்பதை மட்டும் ஒப்புக்கொள்வோம்.

1912-இல் திருநெல்வேலியிற் பிறந்த மா. கிருஷ்ணன், நாவலாசிரியர் அ. மாதவையாவின் புதல்வர், பல கருவிகளின் பகுதிகளைத் தாமே பொருத்திய காமிராவைக்கொண்டு கானுயிர்களைக் கறுப்பு வெள்ளைப் படங்களாக்கியவர். பிலிமைக் கழுவும்வரை படம் எங்ஙனம் அமைந்ததென்று அறிய அன்று எவர்க்கும் வழியில்லை. ஒளியை முன்னரே மதிப்பிட்டே தீரவேண்டும்.

இப்பயிற்சியின்மையால் விளையும் கேடு படத்தோடு நிற்பதில்லை. மணிமுத்தாற்றுக் கால்வாய் நீரால் நிறையும் கூந்தன்குளம் 1994-இல் பறவைகள் சரணாலயமாயிற்று. ஆங்கு நாரைகள் ஊருக்குள்ளேயே மரங்களிற் கூடு கட்டுகின்றன. அவற்றின்பொருட்டு ஊரார் தீபாவளிக்கும் வெடி வெடிப்பதில்லை. அவ்வூர்க்குக் காமிராவோடு வரும் சிலரோ, முதற்படம் வெளுத்துப் போயிற்றென்று, அமர்ந்த பறவைகளைக் கைதட்டி மறுமுறை எழுப்புகின்றனர். தாய் எழுந்தால் முட்டையும் குஞ்சும் வெயிலுக்கும் காகத்திற்கும் இரை. இமயத்தைக் கடந்து வந்து இளைப்பாறும் வரித்தலை வாத்தினையும் இவர்கள் விட்டுவைப்பதில்லை. மீன்பிடிப்போரும் ஆடுமேய்ப்போரும் செய்யாத இத்தொல்லையைப் பறவையன்பர் என்போர் செய்வது நகைப்பிற்குரியதன்று, வெறுக்கத்தக்கது.

ஆதலின், கையால் ஒளியளவு அமைக்கப் பழகாதோர் கூந்தன்குளத்திற்குப் பெரிய லென்ஸுகளைச் சுமந்து செல்லவேண்டா. தாமிரபரணிப் பாசனத்தில் கார், பிசானம் என இருபோகத்திற்கும் வயல் உழுகின்றனர். டிராக்டரின் பின்னே உண்ணிக்கொக்குகளும் வெண்கொக்குகளும் திரண்டு வரும். மனிதரைக் கண்டு அஞ்சா. ஒருபுறம் கருஞ்சேறு, மறுபுறம் தென்னை, மேலே வானம் எனப் பின்புலம் மூன்றும் அவ்வொரு வரப்பிலேயே கிட்டும். வண்டி ஒரு சுற்றுச் சுற்றி வருமுன் கொக்குகள் தாமே பன்முறை எழுந்தமரும்; நாம் கைதட்டவேண்டுவதில்லை.