சினை மீனும் கடத்தூர்த் தண்ணீரும்

கண்ணாடித் தொட்டி வாங்கும் வீட்டுக்கு முதலில் வந்து சேர்வது பெரும்பாலும் கப்பி, மோலி, பிளாட்டி வகை மீன்கள்தான். இவை முட்டையிடுவதில்லை. முட்டை தாயின் வயிற்றுக்குள்ளேயே வளர்கிறது. பிறக்கும்போதே நீந்தத் தெரிந்த குட்டியாக வெளியே வருகிறது. கப்பியின் கருவுக்குத் தொப்புள்கொடி கிடையாது. முட்டையிலுள்ள மஞ்சள் கருதான் அதற்கு உணவு.

தனியாக வாங்கி வந்த பெண் மீன் குட்டி போட்டுவிட்டது என்று பலர் வியப்பார்கள். ஆணின் விந்தணுக்களைப் பெண் தன் உடலுக்குள் பல மாதங்கள் சேமித்து வைத்திருக்கும். ஒரு முறை இணைந்தாலே போதும், அடுத்தடுத்துப் பல ஈற்றுகள் வரும். கப்பிக்கு ஏறக்குறைய நான்கு வாரத்துக்கு ஓர் ஈற்று. மோலிக்குச் சில நாள்கள் கூடலாம்.

சினையை எப்படி அறிவது? வயிறு முடியும் இடத்தில், அடித்துடுப்புக்குச் சற்று முன்னால் கறுத்த திட்டு ஒன்று தெரியும். இதைச் சினைப்புள்ளி என்போம். வெளிர்நிற மீன்களில் இது நன்றாகத் தெரியும், கருமோலியில் தெரியாது. நாள் நெருங்கும்போது சினைப்புள்ளி பெரிதாகும், வயிறு கீழே இறங்கிச் சதுரமாகும். மீன் மூலையில் ஒதுங்கி நிற்கும். மேலிருந்து பாருங்கள்: வயிறு உப்பி, செதில்களும் சிலிர்த்து நின்றால் அது சினை இல்லை, நோய்.

அடுத்தது தண்ணீர். தருமபுரி மாவட்டத்துக் கடத்தூரில் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும். இந்த மாவட்ட நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு அதிகம் என்பதால்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது. 2013இல் அது பயன்பாட்டுக்கு வந்தது. ஆக ஒரே வீட்டில் போர் தண்ணீர், குளோரின் கலந்த ஒகேனக்கல் தண்ணீர், ஆர்.ஓ. தண்ணீர் என மூன்றும் இருக்கலாம். சுத்தமானது என்று நம்பி ஆர்.ஓ. தண்ணீரை மட்டும் ஊற்றுவது தவறு. சுண்ணாம்புச் சத்துள்ள கடினநீரில்தான் இந்த மீன்கள் செழிக்கும். மோலிக்கு அது மிக அவசியம். பாத்திரத்தில் வெள்ளைப் படிவு விடும் போர் தண்ணீர் பொதுவாக இவற்றுக்கு ஒத்துக்கொள்ளும். குழாய்த் தண்ணீரானால், வாளியில் பிடித்து ஒரு நாள் திறந்து வையுங்கள். அல்லது மீன் கடையில் கிடைக்கும் குளோரின் நீக்கியைச் சேருங்கள். எந்தத் தண்ணீரானாலும் ஒன்றையே தொடருங்கள். வாரம் ஒருமுறை கால் பங்கு மாற்றினால் போதும். மொத்தமாக மாற்றினால் சினை மீன் அதிர்ந்துபோகும், குறைப்பிரசவமும் ஆகலாம். மார்கழி, தை இரவுகளில் தொட்டி குளிர்ந்துவிடும். சிறிய ஹீட்டர் வைத்து 25 டிகிரி அளவில் நிறுத்துங்கள்.

ஆண்கள் ஓயாமல் துரத்துவதும் தாயை நலிவடையச் செய்யும். ஓர் ஆணுக்கு இரண்டு, மூன்று பெண்கள் இருப்பது நல்லது.

தாயே குட்டிகளைத் தின்றுவிடும். இதற்காகப் பலர் சினை தெரிந்த உடனே அதைச் சிறு பிளாஸ்டிக் பெட்டியில் அடைத்துவிடுகிறார்கள். அந்த நெருக்கடி நாள்கணக்கில் நீடித்தால் தாய்க்குக் கேடு. தொட்டியில் வேலம்பாசியை அடர்த்தியாக மிதக்கவிடுவதே எனக்குச் சரியாகப் படுகிறது. குட்டி மடங்கிய உடலோடு வெளியே வந்து சற்றே கீழே இறங்கும், உடனே நிமிர்ந்து பாசிக்குள் பாயும். அரை சென்டிமீட்டருக்குச் சற்றே கூடுதலான நீளம்தான். எல்லாமே பிழைக்காது, பிழைப்பவை போதும். குட்டிகளுக்குத் தூளாக நொறுக்கிய தீவனத்தைச் சிறிது சிறிதாக நாளுக்கு மூன்று முறை தூவுங்கள். மிஞ்சினால் தண்ணீர் கெடும்.

சில மாதங்களில் அந்தக் குட்டிகளும் சினையாகும், தொட்டி நிரம்பிவிடும். அப்போது ஏரியிலோ கிணற்றிலோ கொண்டுபோய் விடத் தோன்றும். கொசு ஒழிப்புக்கென்று கப்பியை நீர்நிலைகளில் விட்ட வழக்கமும் நம் நாட்டில் உண்டு. ஆனால் கப்பி தென்னமெரிக்க மீன். தேசிய பல்லுயிர் ஆணையத்தின் ஊடுருவும் அயல் இனப் பட்டியலில் இருக்கிறது. நம் ஏரி மீன்களின் இரையையும் இடத்தையும் அது பறித்துக்கொள்ளும். மிஞ்சும் குட்டிகளை மீன் வளர்ப்பவர்களுக்கோ கடைக்கோ கொடுங்கள். முடியாவிட்டால் ஆண், பெண்ணைத் தனித்தனித் தொட்டியில் வையுங்கள். ஏரியில் மட்டும் விடாதீர்கள்.