பொறுமை என்றால் வாய் மூடுவதா?



ஒரு பெரியவரின் தொப்பியைத் தட்டிவிட்டு, மார்க்கத்தைச் சொல்லி ஏசுகிறார்கள். கல்லூரிக்குப் போகும் பெண்ணின் புர்காவைப் பிடித்து இழுக்கிறார்கள். வீட்டில் நாம் சொல்வது என்ன? "விடுங்கள், சபுர் செய்வோம். ஸ்டேஷன், கோர்ட் என்று யார் அலைவது?"

இதுவா சபுர்? பழிக்குப் பழி என்று கை ஓங்காமல் இருப்பதுதான் சபுர். நடந்ததை உரிய இடத்தில் சொல்லாமல் விடுவது சாட்சியத்தை மறைப்பதாகும். அதைத் திருக்குர்ஆன் (2:283) பாவம் என்கிறது. இன்று ஏசியவனைக் கேட்க ஆளில்லை என்றால், நாளை அவன் கை நீளாதா?

அதற்காக, நமக்கும் மாற்றுமத சகோதரருக்கும் இடையே வரும் ஒவ்வொரு சண்டையும் மதவெறிக் குற்றமாகிவிடாது. கொடுக்கல் வாங்கல் தகராறுக்கு மதச்சாயம் பூசுவது அநீதி. உண்மையான புகாரையும் அது கெடுத்துவிடும். பெயரைக் கேட்டபின் அடித்தார்களா? தாடியை, தொப்பியைப் பார்த்து ஆளைக் குறிவைத்தார்களா? மார்க்கத்தை இழிவாகப் பேசினார்களா? பள்ளிவாசலையோ கபரஸ்தானையோ சேதப்படுத்தினார்களா? இவைதான் அடையாளங்கள்.

அப்படி நடந்தால் அன்றே எழுதுங்கள். நாள், நேரம், இடம், பார்த்தவர்கள், முக்கியமாக அவர்கள் சொன்ன வார்த்தைகள். கூசாமல், கூட்டாமல், குறைக்காமல் எழுதுங்கள். அந்த வார்த்தைகள் புகாரில் இல்லையென்றால் வழக்கு வெறும் 'வாய்த்தகராறு' ஆகிவிடும்.

காவல் நிலையத்தில் சி.எஸ்.ஆர். ரசீதோடு திரும்பிவிடாதீர்கள். அது முதல் தகவல் அறிக்கை அல்ல. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173ஆவது பிரிவுப்படி, எந்தக் காவல் நிலையத்திலும் புகார் தரலாம். முதல் தகவல் அறிக்கையின் நகல் இலவசம். பதிய மறுத்தால் மாவட்ட எஸ்.பி.க்குத் தபாலில் எழுதுங்கள். அங்கும் நடவடிக்கை இல்லையென்றால் மாஜிஸ்திரேட்டிடம் போகலாம். கும்பல் வன்முறையைத் தடுக்க, எஸ்.பி. தகுதிக்குக் குறையாத பொறுப்பு அதிகாரியை மாவட்டந்தோறும் நியமிக்க வேண்டும் என்று 2018 ஜூலை 17 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துள்ளது. உங்கள் மாவட்டத்தில் அவர் யார் என்று கேட்டிருக்கிறீர்களா?

தேசியக் குற்ற ஆவணக் காப்பகம், கும்பல் படுகொலைகள் பற்றித் திரட்டிய விவரங்களை, நம்பகமானவை அல்ல என்று சொல்லி 2017ஆம் ஆண்டு அறிக்கையில் வெளியிடவில்லை. அரசே எண்ணிச் சொல்லாதபோது, நாமும் எழுதி வைக்காவிட்டால், நடந்தது நடக்காததாகவே ஆகிவிடும்.

ஜமாஅத் நிர்வாகிகளே! நிகாஹுக்குத் தஃப்தர் வைத்திருக்கிறீர்கள். சந்தாவுக்கும் நோட்டு இருக்கிறது. நம் மக்கள் மீது நடக்கும் தாக்குதலுக்கு ஒரு நோட்டு வேண்டாமா? வாட்ஸ்அப்பில் பரப்புவது புகார் ஆகாது. விசாரித்து, உறுதி செய்து, பதியுங்கள். பாதிக்கப்பட்டவரைத் தனியாக ஸ்டேஷனுக்கு அனுப்பாதீர்கள். இரண்டு பேராவது கூடவே போங்கள். பாதிக்கப்பட்டவர் கிறிஸ்தவரோ தலித் சகோதரரோ ஆனாலும் சாட்சி சொல்லப் போங்கள். தவறு செய்தவர் நம்மவர் என்றாலும் நீதியின் பக்கமே நில்லுங்கள் (4:135).

வரும் ஜும்ஆவுக்குள் உங்கள் மஹல்லாவில் அந்த நோட்டைத் தொடங்குங்கள். அதில் எழுத எதுவும் நேராமல் வல்ல அல்லாஹ் காப்பானாக!